முன் கண்ணாடியில் இருந்த பசை

செஞ்சியில் அப்போது வாடகைக்கு ஓடிய கார்கள் இரண்டுதான். அதில் ஒன்றை நான் ஓட்டினேன். வண்டி என்னுடையது இல்லை, நிலக்கடலை மண்டி வைத்திருந்த ஒரு ஜைனருடையது. எனக்கு முப்பது வயது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. முதலாளி வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் கார் நிற்கும். ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் நானும் என் மனைவியும் இருந்தோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் வந்தது. முதலாளிக்கு வேண்டியவர் ஒருவர் நின்றதால், மூன்று வாரத்துக்கு வண்டியை அவருக்கு விட்டுவிட்டார். கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அவலூர்பேட்டை, அனந்தபுரம் என்று ஊர் ஊராகச் சுற்றினேன். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டிய நோட்டீஸ்களை எதிர்க்கட்சிக்காரர்கள் வண்டி நின்ற இடத்தில் எல்லாம் கிழித்தார்கள். அதனால் உள்பக்கமாக ஒட்டுவது என்று முடிவு செய்தார்கள். மைதாப் பசை இரண்டு நாள் வெயிலில் காய்ந்து உதிர்ந்தது. கட்சிக்காரர்களில் ஒருவர் தச்சர். அவர் நாற்காலி, மேசை ஒட்டும் வஜ்ரப் பசையைக் காய்ச்சி ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்தார். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பசை அது. நாற்றம் குடலைப் பிடுங்கும்.

"ஒட்டுனா ஒட்டுனதுதான், பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது" என்றார் பெருமையாக.

முன் கண்ணாடியில் எனக்கு எதிரே ஒரு சாண் அகலம் மட்டும் விட்டு மீதியெல்லாம் நோட்டீஸ். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மெதுவாகத்தான் ஓட்டினோம். பின்னால் கூட்டம் நடந்து வரும், முன்னால் மேளம் போகும். ஒரு சாண் போதுமானதாக இருந்தது.

ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் வண்டி ஷெட்டுக்குத் திரும்பியது. நோட்டீஸ்களைக் கிழிக்க உட்கார்ந்தேன். மேல்காகிதம் வந்தது. அடிக்காகிதம் வரவில்லை. தண்ணீர் தெளித்து நகத்தால் சுரண்டினேன், காகிதம் நூல் நூலாகத் திரண்டு வந்தது. பிளேடால் சீவினேன். காகிதம் முழுதும் போய், தேன் நிறத்தில் ஒரு படலம் மட்டும் கண்ணாடியில் நின்றது. தொட்டால் மொழுமொழுவென்று இருந்தது. இரண்டு நாள் முயன்றும் போகாததால் மூன்றாம் நாள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். படலம் கொஞ்சம் மங்கி, எனக்கு எதிரே விட்டிருந்த ஒரு சாணிலும் சேர்ந்து பரவியது. ஷெட்டின் நிழலில் பார்த்தபோது கண்ணாடி சுத்தமாகவே தெரிந்தது. சரி, மீதி நாளைக்கு என்று விட்டேன். வெந்நீர் வைத்து ஊறவிட வேண்டும் என்று அந்தத் தச்சரே போகும்போது சொல்லியிருந்தார். விறகு ஈரமாக இருந்தது என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை.

அன்று மாலை முதலாளி ஷெட்டுக்கே வந்தார்.

"என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஊர்ல காத்துகினு இருக்காங்கப்பா. போயி இட்டாந்துடு. பொழுது போறதுக்குள்ள வந்துடணும், அப்பறம் அவங்க சாப்பிட மாட்டாங்க."

அவர்கள் வீட்டில் சூரியன் இருக்கும்போதே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கு வைத்த பிறகு யாரும் கை நனைப்பதில்லை. தங்கை ஊர் திருவண்ணாமலை ரோட்டில் எட்டு மைல். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. முதலாளியின் வீட்டு அடுப்பில் சமையல் நடக்கிற வாசனை ஷெட்டுவரை வந்தது. உடனே கிளம்பினேன்.

ஊரைத் தாண்டி மேற்கே போகும் ரோடு இரண்டு மலைகளுக்கு நடுவே கோட்டை மதிலை ஊடுருவிப் போகும். மாலையில் அந்த இடம் முழுக்க ராஜகிரியின் நிழல். அந்த நிழலில் ஓட்டும்போது கண்ணாடியில் ஒரு குறையும் தெரியவில்லை. பரவாயில்லை, நன்றாகத்தான் துடைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. வேகத்தைக் கூட்டினேன்.

மலை நிழல் முடிந்த இடத்தில் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. பால் ஊற்றியதுபோல் முழுக் கண்ணாடியும் வெளுத்துப்போனது. ரோடு தெரியவில்லை, புளியமரங்கள் தெரியவில்லை. வலது கோடியில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. தலையைச் சாய்த்து அந்த வழியாகப் பார்த்து ஓட்டினேன்.

நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு வேறு வார்த்தை கிடைப்பதில்லை. காரை ஓரம் கட்டி, இறங்கி, ஐந்து நிமிஷம் நின்றிருந்தால்கூடப் போதும். விருந்தாளிகள் ஒருவேளை பட்டினி கிடந்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை. இன்னொரு வளைவு வரும், மரநிழல் வரும், சரியாகிவிடும் என்று போனேன்.

அது கொள்ளு அறுக்கிற காலம். செடியைப் பிடுங்கிவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப்போனால் காய் உடைந்து பயறு உதிரும். டிரைவர்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். சக்கரத்துக்கடியில் சரசரவென்று சத்தம் கேட்டதும் கொள்ளு என்று தெரிந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும் என்பதும் தெரியும். சத்தம் கேட்டு ஒதுங்கிவிடுவார்கள் என்று ஹாரன் மட்டும் அடித்தேன்.

பிறகு கேட்டது வேறு சத்தம்.

இறங்கி ஓடினேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண். செடியைப் புரட்டுகிற கோல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் கிடந்தாள். வலது தொடை இருக்கக்கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"பாத்துகினே வந்தியே" என்றாள். "என்னப் பாத்துகினே வந்து இடிச்சிட்டியே."

பக்கத்துக் கொள்ளுக் கொல்லையிலிருந்து அவள் புருஷன் ஓடி வந்தான். அவனுடைய அண்ணியும் வந்து, என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத்தான் முதலில் திட்டினாள். "ரோட்டுல நின்னுகினு எங்கடி பாத்துகினு இருந்த?" புருஷன் என் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டு அவளைத் தூக்க வந்தான். மூன்று பேருமாக அவளைப் பின்சீட்டில் கிடத்தினோம். அப்போதுதான் அவள் கத்தினாள்.

செஞ்சிக்குத் திரும்பும்போது வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடி துல்லியமாக இருந்தது. ரோட்டில் கிடந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது. பின்னாலிருந்து அவள் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் கட்டை வைத்துக் கட்டி, புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார்.

"எப்பிடிப்பா ஆச்சு?"

"கொள்ளு ஒணத்திகினு இருந்தாங்க சார். திடீர்னு குறுக்க வந்துட்டாங்க."

இது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அது எழுத்தாகி, அதற்குக் கீழே என் கையெழுத்தும் விழுந்தது. முதலாளி வந்து பேசினார். வண்டியை ஷெட்டிலேயே விடலாம், காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் அங்கே வந்து பார்ப்பார் என்று ஏட்டு சொன்னார்.

விடிந்தும் விடியாமல் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். புகையில் என் மனைவி இருமிக்கொண்டே எழுந்து வந்தாள்.

"இன்னாங்க, காலங்காத்தால வெந்நி?"

"கண்ணாடி கழுவணும். இன்ஸ்பெக்டர் வராரு."

அவள் அடுப்பை விசிறினாள். தண்ணீர் கொதித்ததும் பழைய வேட்டியைக் கிழித்து அதில் நனைத்து, கை பொறுக்காத சூட்டில் கண்ணாடியின் உள்பக்கம் அப்பினேன். சீட்டில் முழங்காலிட்டுத் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் வெளியே நின்று, நான் நீட்டும் துணியில் சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றினாள். துணி ஆற ஆற மாற்றினேன். நாலைந்து தடவை போட்டதும் வஜ்ரம் இளகியது. நாற்றம் திரும்பவும் எழுந்தது. மூங்கில் தப்பையைச் சீவி, அதால் கோதுமைக் களிபோல் திரண்ட பசையை வழித்து வழித்து ஒரு காகிதத்தில் எடுத்தேன். பிளேடு வைக்கவில்லை, கீறல் விழுந்தால் இன்ஸ்பெக்டர் கேட்பார் என்று பயம். பசை போன பிறகு மண்ணெண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. சலவை சோடாவைக் கரைத்துத் துடைத்தேன். அடுத்து நல்ல தண்ணீர். கடைசியில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன்.

இந்த வேலை முழுவதும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதை முந்தின நாளே செய்திருக்கலாம் என்பது கை ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் ஓடியது.

பாதி வேலையில் என் மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வெயில் அப்போதுதான் ஷெட்டு வாசலில் ஏறத் தொடங்கியிருந்தது. துடைத்த பக்கம் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கும். துடைக்காத பக்கம் வெளுத்துக் கிடந்தது.

"இதாலதான் கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

நான் ஆறிப்போன துணியைப் பிழிந்தேன்.

"அந்தப் பொண்ணு குறுக்க வந்துச்சின்னு சொன்னீங்களே."

"ஊத்து" என்றேன்.

அவள் சொம்பை எடுத்து ஊற்றினாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். பிரேக் பார்த்தார், ஸ்டீயரிங்கை ஆட்டினார், ஹாரன் அடித்தார். டயரை உதைத்தார். முன் கண்ணாடிக்கு எதிரே நின்று உள்ளே பார்த்துவிட்டு, "வண்டிய நல்லா வச்சிருக்கியேப்பா, கண்ணாடி பளிச்சினு இருக்குது" என்றார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நோட்டீஸ் ஒட்டியிருந்ததை அவரும் பார்த்தவர்தான். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் அந்தக் கண்ணாடிப் பேச்சே வந்ததில்லை.

வழக்கு ஏழெட்டு மாதம் கழித்து வந்தது. அவள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். வலது கால் குட்டையாகிவிட்டிருந்தது. முதலாளி வைத்த வக்கீல் அவளிடம் கேட்டார்.

"ரோட்டுக்கு முதுகு காட்டிக் குனிஞ்சிகிட்டு இருந்தியா இல்லையா?"

"குனிஞ்சிதான் இருந்தேன். சத்தம் கேட்டு நிமிந்தேன்."

"நிமிந்து எந்தப் பக்கம் ஓடினே?"

"எங்கயும் ஓடல. அவன் மூஞ்சி தெரிஞ்சிது சாமி. என்னப் பாத்துகினேதான் வந்தான். பாத்தவன் நிறுத்துவான்னு நின்னேன்."

அவளுக்கு என் முகம் தெரிந்திருக்கிறது. வெயில் என் முகத்தில் அடித்ததால், வெளியே நின்றவளுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் என் கண்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் அவள் தெரியவில்லை. கோர்ட்டில் இதை அறிந்தவன் நான் ஒருவன். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டியில் பழுது இல்லை, அந்தப் பெண்தான் கவனக்குறைவாக ரோட்டில் நின்றிருக்கிறாள் என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அவளுடைய புருஷன் அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தொடர்ந்து கார் ஓட்டினேன். வேறு தொழில் தெரியாது. அந்தப் பெண்ணின் ஊர் வழியாகப் போக வேண்டி வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லி மற்ற கார்க்காரரை அனுப்பிவிடுவேன். ஆறு வருஷம் இப்படிச் சமாளித்தேன். அடுத்து வந்த வைகாசியில் அந்த ஊருக்கே ஒரு கல்யாண சவாரி வந்தது. மற்ற கார் பழுதாகி நின்றுவிட்டது. தப்பிக்க வழியில்லை.

மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்டு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் விந்தி விந்தி வந்தாள். அடையாளம் தெரிய நேரம் ஆகவில்லை. கல்யாணப் பந்தலுக்குத் தண்ணீர் தூக்கிப்போன அவள் புருஷனின் அண்ணி மேல் கட்டு லேசாக இடித்துவிட்டது. குடம் அலம்பித் தண்ணீர் சிந்தியது.

"கண்ணு இருக்குதா இல்லியா உனுக்கு?" என்று அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். "அன்னிக்கு மாதிரி எங்கனா பராக்குப் பாத்துகினு போயி இன்னொரு காலையும் ஒடச்சிக்காத. கோர்ட்டே சொல்லிச்சே, இவ மேலதான் தப்புன்னு."

பந்தலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் கட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

அன்றைக்கே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் பஸ் ஏறிப் போனேன்.

வீட்டு வாசலில் அவள் சாணம் கரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா?" என்றாள்.

"ஒரு விசயம் சொல்லணும்மா."

"உன்கிட்ட எனக்கு இன்னா விசயம்?"

நின்றபடியே சொன்னேன். நோட்டீஸ் ஒட்டியது, வஜ்ரம், மண்ணெண்ணெய், மலை நிழல், வெயில், எதையும் விடவில்லை. மறுநாள் விடியற்காலையில் வெந்நீர் வைத்துக் கழுவியதையும் சொன்னேன். "நீ குறுக்க வரலம்மா. நான் உன்னப் பாக்கவே இல்ல. கண்ணு தெரியாமத்தான் ஓட்டிகினு வந்தேன்."

அவள் கையில் சாணம் காய்ந்தது.

"பாக்கலியா?"

"பாக்கல."

"உம் மூஞ்சி என்னையே பாத்துச்சே."

"எம் பக்கம் கண்ணாடி வெளுத்துப் போயிருந்துச்சும்மா. ஒண்ணுமே தெரியல."

"ஆறு வருசமா நான் படுத்தா எழுந்தா அத்தான் நெனச்சிகினு இருக்கேன். ஒரு மனுசன் என்ன நேரா பாத்தும் நிறுத்தாம வந்தானே, நான் அவ்ளோ கேவலமான்னு. இவங்க எல்லாம் நான்தான் போயி வுழுந்தேன்றாங்க. ஒரு நேரம் எனக்கே அப்பிடித்தானோன்னு ஆயிடும்." உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

புருஷன் துண்டை உதறிக்கொண்டு வந்தான். பின்னால் அண்ணி வந்தாள். என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்தக் கார்க்காரன்" என்றாள் அவள். பிறகு என்னிடம், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. நடுவில் புருஷன், "அந்த நோட்டீசு எந்தச் சின்னம்?" என்று கேட்டான்.

"இப்ப அதுவா பேச்சு?" என்று அவள் அதட்டினாள். "நீ சொல்லு. நான் குறுக்க ஓடினனா?"

"ஓடல."

"பராக்குப் பாத்தனா?"

"இல்ல. தப்பெல்லாம் என்னிதுதான்."

அண்ணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் தரையைப் பார்த்தான். "இப்ப வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? காலு திரும்பி வந்துடுமா?" என்றான்.

"உனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் அவள். "எனக்கு வேணும்."

கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன், என்ன தண்டனை என்றாலும் பட்டுக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கோர்ட்டு வாசல் ஏற அவளால் இனி முடியாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "போ. இனிமே இங்க வராத" என்றாள்.

மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை உள்ளே அவள் குரல் கேட்டது. "கேட்டுகினியா? கேட்டுகினியா?" என்று அண்ணியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. வெகுநாளாக அடக்கி வைத்த கோபம்தான் இருந்தது. அதில் எனக்குச் சேர வேண்டிய பங்கும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஆறு வருசம் ஆச்சா உங்களுக்கு?"

"ஆச்சு."

"நானும் அன்னிக்கு வாய மூடிகினுதான இருந்தேன். என்னயும் இட்டுகினு போயிருக்கலாம் இல்ல?"

அப்படி ஒன்று அவள் மனதில் இத்தனை நாளாக இருந்தது எனக்குத் தெரியாது. நான்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள்கூட அவளிடம் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவள் தனியாகக் காலை பஸ்ஸில் போனாள். பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அது?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அவள் அந்த ஊருக்குப் போய்வந்தாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போவேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.